பின்பலகையும் வினைமுற்றும்

திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரையில், களப்பணிக்காக நான் தங்கியிருக்கும் வீட்டில் சென்ற மாதம் முழுவதும் ஒரே பேச்சுதான்: விலைக்கு வந்திருக்கும் இரண்டு பழைய வள்ளங்களில் எதை வாங்குவது? சேச்சியின் வளையல்கள் ஏற்கெனவே அடகுக்குப் போய்விட்டன. பதிவுச் சான்றையும் எஞ்ஜின் தாள்களையும் வாசித்துச் சொல்வதற்காக என்னையும் உடன் அழைத்துச் சென்றார்கள்.

முதலாவது முழு ஃபைபர் வள்ளம். புதிதாக நீல வண்ணம் பூசப்பட்டிருந்தது. இரண்டாவது, பிளைவுட்டில் கட்டி மேலே ஃபைபர் பூசியது. அடிப்புறம் மணலில் தேய்ந்து, பழைய ஒட்டுகள் அப்படியே கண்ணுக்குத் தெரிந்தன. விலை 40,000 ரூபாய் குறைவு.

இந்தக் கரையில் துறைமுகம் இல்லை. கடலிலிருந்து திரும்பியதும் வள்ளத்தைத் தோள்கொடுத்து மணலில் ஏற்றவேண்டும். நீர் குடித்த பிளைவுட் கனக்கும் என்பது சேட்டனின் அச்சம். ஃபைபர் அழுகாது என்பது அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கை பாதிதான் உண்மை. எஞ்ஜினை மாட்டும் பின்பலகைக்குள் பெரும்பாலும் மரமோ பிளைவுட்டோ இருக்கும். போல்ட் துளை வழியே நீர் புகுந்தால், வெளித்தோல் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே மரம் மக்கிவிடும். எஞ்ஜினின் எடையையும் உந்துதலையும் தாங்குவது அந்தப் பலகை. கடலில் அது விட்டுக்கொடுத்தால் எஞ்ஜின் போகும், ஆளும் போகலாம்.

சேட்டன் சுத்தியலின் மரப்பிடியால் நீல வள்ளத்தைத் தட்டிக்கொண்டே போனார். பக்கங்களில் தெளிந்த ஒலி. அமரத்துக்கு வந்ததும், போல்ட்டுகளைச் சுற்றி ஒலி மங்கியது. (வள்ளத்தின் பின்தலை அமரம், முன்தலை அணியம்.) என்னவென்று கேட்டதற்கு விற்பவர் ஒரே சொல்லில் பதில் சொன்னார்: "நன்னாக்கி." அதாவது, பழுதுபார்த்தாயிற்று.

யார் பழுதுபார்த்தது? இன்றைய மலையாள வினைமுற்றில் திணை, பால், எண், இடம் காட்டும் விகுதி இல்லை. தமிழில் 'செய்தேன்', 'செய்தார்கள்' என்று விகுதியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே எழுவாயை விட்டுவிட்டால் செய்தவர் மறைந்துபோவார். அன்றாடப் பேச்சில் இதனால் குழப்பம் நேர்வதில்லை, சூழலே சொல்லிவிடும். மொழியின் மீது பழிபோடும் ஆசையும் எனக்கில்லை. மறைக்க விரும்புகிறவருக்குத் தமிழும் தாராளமாகவே உதவும்.

ஆனால் சேச்சி விடவில்லை. "ஆரு நன்னாக்கி? எப்போ?" விற்பவர் வண்ணத்தின் தரத்தைப் பற்றிப் பேசினார். சேச்சி மறுபடியும் கேட்டார். அவர் அவ்வாண்டின் மீன்வரத்துக்குத் தாவினார். பழுதுபார்த்த இடமோ ஆளோ கடைசிவரை வாக்கியத்துக்குள் வரவில்லை.

பிளைவுட் வள்ளக்காரரிடமும் அதே கேள்விதான். "ஞான்தன்னெ" என்று சொல்லிவிட்டு, எந்த ஒட்டு எந்தப் பாறையில் உரசியதால் வந்தது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். எஞ்ஜினின் கீழ்முனையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தோம், பின்பலகை நெகிழவில்லை. பலகையைத் தட்டியபோதும் ஒலி மங்கவில்லை. எஞ்ஜினில் பொறித்திருந்த எண் தாளில் உள்ளதோடு ஒத்திருந்தது. வள்ளம் கனம்தான், ஆறு பேர் சேர்ந்து தள்ளிப் பார்த்துவிட்டு அதை ஒப்புக்கொண்டார்கள்.

அதையே வாங்கினார்கள். மிச்சமான பணத்தில் அடிப்புறத்துக்கு மட்டும் புது ஃபைபர் பூச்சு போட்டாயிற்று. கரையேற்றும் ஒவ்வொரு முறையும் சேட்டன் கனத்தைச் சொல்லி முணுமுணுக்கிறார். சேச்சி அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. வளையல்களில் ஒன்று மட்டும் இப்போது அடகிலிருந்து மீண்டிருக்கிறது.