மெதுவா நடங்க சார், இது குச்சனூர்!

குரோம்பேட்டையில் முப்பது வருடம் குடியிருந்தவர் அவர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு, அடுத்த வருடமே மனைவியின் மறைவு. "தனியா இருக்க வேணாம்ப்பா" என்று மகள் குச்சனூருக்கு அழைத்தாள். "ஆறு மாசம் இருந்து பார்க்கிறேன். சரிப்படலைன்னா கிளம்பிடுவேன்" என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டு தை மாதத்தில் வந்து சேர்ந்தார்.

தினமும் 45 நிமிடம் நிற்காமல் நடக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. முதல் நாள் காலை தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை, "எங்க சார் போறீக?" என்றது ஒரு குரல்.

"சும்மா நடக்கிறேன்."

"சும்மாவா? எதையும் தொலைச்சிட்டீகளா?"

அடுத்து ஒரு பைக் நின்றது. "ஏறுங்க சார், இறக்கி விடுறேன்." வேண்டாம் என்றார். பைக்காரர் முகம் வாடிவிட்டது. நூறு அடியில் இன்னொரு பைக். அன்று மட்டும் ஐந்து பேரின் மனதை நோகடித்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

சுயம்பு சனீஸ்வரர் மூலவராக வீற்றிருக்கும் ஊர் இது. அதனால் புதிதாக யாரைப் பார்த்தாலும் ஊராருக்கு ஒரே சந்தேகம். "என்ன ராசி? ஏழரை நடக்குதா?" சனி ஒரு ராசியில் இரண்டரை வருடம் இருப்பார். முன் ராசி, சொந்த ராசி, அடுத்த ராசி என்று மூன்றையும் கூட்டினால் ஏழரை. இந்தக் கணக்கு இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். "எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்று அவர் சொன்னால், 'பாவம், மறைக்கிறார்' என்பதுபோல் பார்ப்பார்கள்.

ஒருநாள், வழியில் நின்ற காக்கையை "சூ" என்று விரட்டினார். மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். சாமியின் வாகனத்தை விரட்டிய பாவத்தை அப்போதுதான் உணர்ந்தார். காக்கை நகரவில்லை. அவர்தான் சுற்றிப் போனார்.

டீக்கடையில் சாமி படங்களுக்கு நடுவே மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரர் மாலையோடு இருந்தார். "இது யாருங்க?" என்று கேட்டதுதான் தாமதம், டீ ஆற்றிய கை நின்றுவிட்டது. "பென்னிகுயிக் சார்! மேற்கே கடலுக்குப் போன பெரியாத்துத் தண்ணிய, 1895-ல அணையக் கட்டி, மலையக் குடைஞ்சு இந்தப் பக்கம் திருப்பி விட்டவரு. நீங்க குடிக்கிற டீயே அவரு தண்ணிதான்." கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைவது அந்தத் தண்ணீரில்தான். பாலார்பட்டியில் ஜனவரி 15-ம் தேதி, அவர் பிறந்தநாளுக்குப் பொங்கலே வைக்கிறார்கள். மறுநாள் முதல் இவரும் அந்தப் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டே டீயைத் தொட்டார்.

மாசியில் அறுவடை முடிந்த வயல்களுக்கு வாத்துக் கூட்டம் வந்தது. அது சாலையைக் கடந்து முடிக்கும்வரை மினி பஸ், டிராக்டர், அவர் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். 'நிற்காமல் 45 நிமிடம்' என்பது குச்சனூரில் நடக்காது என்பது அவருக்குப் புரிந்துபோனது.

கோயில் வாசலில் எள் விளக்கு விற்கும் பாட்டி, அறுபத்திரண்டு வயதான அவரைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். "ஏந்தம்பி இப்படி ஓடுற? எங்க சாமியே மெதுவா நடக்குறவருதான்." அவர் செல்போனில் தேடிப் பார்த்தார். சனைச்சரன் என்றால் மெல்ல நடப்பவன் என்றே பொருள். வானத்திலும் அப்படித்தான். சூரியனை ஒருமுறை சுற்றிவர சனிக்கு ஏறக்குறைய 29 வருடம் ஆகிறது. பாட்டி சொன்னதில் வானியலும் இருந்தது.

ஜூனில் வாய்க்காலில் தண்ணீர் வந்து, வயலில் நாற்றுகள் எழுந்த சமயம். சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பிய ஒரு காலையில், கண் இருட்டிக்கொண்டு வர, பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். குரோம்பேட்டையாக இருந்தால் எவ்வளவு நேரம் அப்படியே இருந்திருப்பாரோ! இங்கே ஒரு நிமிடத்தில் கையில் சர்க்கரைத் தண்ணீர். அடுத்த நிமிடம் பைக். முதல் நாள் அவர் வேண்டாமென்ற அதே பைக்தான். இந்த முறை கேட்காமலே ஏற்றிக்கொண்டார்கள். வீட்டு வாசலில் மகள் செருப்போடு தயாராக நின்றாள். செய்தி அவரை முந்திக்கொண்டு வந்துவிட்டது.

மாலைக்குள் பதினோரு பேர் வந்து விசாரித்தார்கள். பாட்டியும் வந்தார். "மெதுவா நடன்னு சொன்னேன்ல?"

ஆடி பிறந்தது. சனிக்கிழமைத் திருவிழாவுக்கு வெளியூர் கார்கள் வரிசை கட்டின. ஆறு மாதம் முடிந்ததைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. அவரும்தான். ஒரு காலை, காரில் வந்தவர் அவரை நிறுத்தி, "பெரியவரே, எங்கே போறீங்க? ஏறுங்க, விட்டுடறேன்" என்றார்.

அவர் வாய் திறப்பதற்குள் டீக்கடையிலிருந்து பதில் வந்தது.

"நீங்க போங்க சார். எங்க ஊர்க்காரருதான். அவரு சும்மா நடப்பாரு."