முதல் விண்டோ மேனேஜர் எது?

லினக்ஸை நிறுவி முடித்த கையோடு புதியவர்களைக் குழப்புவது விண்டோ மேனேஜர். விண்டோஸில் இந்தக் கேள்வியே எழாது. மைக்ரோசாஃப்ட் கொடுத்ததுதான் திரை. யூனிக்ஸ் வழி வேறு. 1984ல் எம்.ஐ.டி.யில் பிறந்த எக்ஸ் விண்டோ சிஸ்டம், ஜன்னலுக்குச் சட்டம் போடுவதையும் நகர்த்துவதையும் வேறொரு நிரலிடம் விட்டுவிட்டது. அதனால்தான் இத்தனை வகை. எக்ஸின் இடத்துக்கு வந்துகொண்டிருக்கும் வேலண்டில் இரண்டு வேலையும் ஒரே நிரலுக்குள் வந்துவிட்டன. ஆனால் தேர்வு இன்னமும் நம் கையில்தான்.

அழகான படங்களைப் பார்த்து மயங்கி, எடுத்த எடுப்பில் ஐ3 போட்டுக்கொள்பவர்கள் உண்டு. 2009ல் வந்த அது நல்ல நிரல்தான். ஆனால் உள்ளே நுழைந்தால் வெறும் திரை, கீழே ஒரு பட்டை. மெனு கிடையாது, மூடும் பொத்தானும் கிடையாது. விண்டோஸ் விசையையோ ஆல்ட்டையோ என்டரோடு அழுத்தினால்தான் டெர்மினலே வரும். இது தெரியாதவர், "லினக்ஸ் நமக்குச் சரிப்படாது" என்று திரும்பிப் போய்விடுவார். தப்பு லினக்ஸ் மேல் இல்லை, எடுத்த வரிசையில்.

முதலில் எக்ஸ்எஃப்சிஇ போதும். அது முழு டெஸ்க்டாப்; பேனல், மெனு, கோப்பு மேலாளர் எல்லாம் கூடவே வரும், பழைய கணினியிலும் ஓடும். கை பழகியதும் ஐ3யைப் பக்கத்திலேயே நிறுவிக்கொள்ளலாம். லாகின் திரையில் வேண்டியதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போகலாம். பிடிக்கவில்லையா? லாக் அவுட் செய்துவிட்டுப் பழையதற்கே வரலாம். கோப்பு ஒன்றும் காணாமல் போகாது.