விடிகாலைத் தண்ணீர்

காட்டுயிர் ஆராய்ச்சி என்றதும் முதுமலையும் களக்காடும்தான் நம் கண்ணில் வந்து நிற்கும். கழுத்தில் பைனாகுலர், எதிரே யானை, பக்கத்தில் வனக்காவலர். அம்பத்தூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்து, கள்ளிக்குப்பம் போய்ச் சேரும் ஆராய்ச்சியை யாரும் படம் பிடிப்பதில்லை. நான் பார்க்கப் போனது அதைத்தான்.

கொரட்டூர் ஏரியின் மேற்குப் பக்கம் கள்ளிக்குப்பம். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூருக்கு, கொரட்டூர் நிரம்பினால் இரட்டை ஏரிக்கு என்று தண்ணீர் இறங்கிப் போகும் வரிசையில் இது நடு ஏரி. ஒரு காலத்தில் வயலுக்குப் பாய்ந்தது. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது, பின்னாலேயே குடியிருப்புகள் வந்தன. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சிக்குள் போனது. வயல் மறைந்தது, கழிவுநீர் வந்தது. அந்த விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது ஊரறிந்த கதை. இத்தனைக்கும் பறவைகள் வரத்தை நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்பதுதான் நான் சந்தித்த மாணவியின் முனைவர் பட்டக் கேள்வி.

விலங்கியல் படித்தவர். உடன் படித்தவர்கள் ஆனைமலையிலும் கோடியக்கரையிலும் களம் பிடித்துவிட்டார்கள். "நான் அம்பத்தூர்னு சொன்னா, காட்டுக்கு எத்தனாம் நம்பர் பஸ்னு கேட்பாங்க சார்" என்று சிரித்தார். சரணாலயத்துக்குள் வேலை செய்ய வனத்துறையின் அனுமதிக் கடிதத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே அந்தக் காத்திருப்பு இல்லை. பறவையைக் கையால் தொடாதவரை, எண்ணுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். தொட வேண்டுமென்றால் மட்டும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும்.

கள்ளிக்குப்பம் கரையில் சாயங்காலம்தான் எண்ண வேண்டும். காலையில் எண்ணினால் எதிர்வெயில். பறவையெல்லாம் கறுப்பு உருவமாகத் தெரியும், எது நாமக்கோழி, எது தாழைக்கோழி என்று பிரிக்க முடியாது. நாலு மணிக்கு முக்காலியை விரித்து, ஸ்பாட்டிங் ஸ்கோப்பை மாட்டி, ஏரியைக் கண்ணாலேயே துண்டுகளாகப் பிரித்துக்கொண்டார். அந்த மின்கம்பம் முதல் இந்தச் சம்புப் புதர் வரை ஒரு துண்டு. அங்கிருந்து உடைந்த சுவர் வரை அடுத்தது. துண்டு முடியாமல் தலையைத் திருப்பக் கூடாது.

நூற்றுக்கணக்கில் சீழ்க்கைச் சிறகிகள் ஆகாயத்தாமரை ஓரம் அடைந்து கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எண்ணுவார் என்று நினைத்தேன். முதலில் பத்தை எண்ணினார். அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டார். பிறகு அந்த இடத்தைக் கூட்டத்தின் மேல் திரும்பத் திரும்பப் பொருத்திக்கொண்டே போனார். முக்குளிப்பானுக்கு இந்தக் கணக்கு செல்லாது. நாம் எண்ணும்போது பாதி தண்ணீருக்கடியில் இருக்கும். அதனால் அதே இடத்தை மறுபடி எண்ணி, பெரிய எண்ணை எழுதிக்கொள்கிறார். தாளில் வராத பறவைக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விடுவதில்லை, சுழியம் போடுகிறார். காலியாக விட்டால் அது பார்க்கவே இல்லை என்றாகிவிடும். சுழியம் போட்டால்தான் பார்த்தேன், இல்லை என்று பொருள். எனக்கு இந்தத் தொழிலின் நேர்மை முழுக்க அந்தச் சுழியத்தில்தான் இருப்பதாகப் பட்டது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. அதற்கு ஏரிக்கரைக்கு வரும் தன்னார்வலர்களுக்கும், பெருங்கூட்டத்தைப் பத்துப் பத்தாக எண்ணும் இந்த முறையைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

எண்ணிக்கை கூடினால் ஏரி நலமாக இருக்கிறது என்று நாம் முடிவு கட்டிவிடுவோம். அங்கேதான் சிக்கல். நெடுங்கால் உள்ளான் கழிவுநீர்க் குட்டையிலும் சந்தோஷமாக மேயும்; சேற்றில் நெளியும் பூச்சிப் புழு அதற்குப் போதும். நீலத் தாழைக்கோழிக்குச் சம்பும் ஆகாயத்தாமரையும் அடர்ந்திருந்தால் கொண்டாட்டம். ஆனால் தெளிந்த நீரில் மூழ்கி, அடியில் வளரும் செடியைத் தின்னும் வாத்து வகைகளுக்கு அப்படிப்பட்ட ஏரி உதவாது. ஆகவே மொத்தம் எத்தனை என்பதைவிட எது எத்தனை என்பதே முக்கியம். பறவையோடு தண்ணீரையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை விளங்கும்.

தண்ணீர் பார்ப்பது வேறு வேலை. 300 மில்லி கண்ணாடிக் குப்பி, அதற்கு பி.ஓ.டி. பாட்டில் என்று பெயர். குமிழி புகாமல் அதைத் தண்ணீருக்குள்ளேயே நிரப்பி மூட வேண்டும். பிறகு மாங்கனீஸ் சல்பேட், அடுத்து கார அயோடைடு. இரண்டையும் பிப்பெட்டின் நுனி நீருக்குள் இருக்கும்படி விட வேண்டும். மூடியைப் போட்டுக் குலுக்கியதும் குப்பிக்குள் மேகம் போல ஒன்று கிளம்பி மெல்ல அடியில் படியும். பழுப்பாகப் படிந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே படிந்தால் இல்லை. விங்க்ளர் முறை என்று கல்லூரிச் சோதனைச்சாலையில் எல்லாரும் செய்திருப்போம். மார்க் வாங்கிய கையோடு மறந்திருப்போம். மீனும் காட்டுயிரும் வாழ லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது ஆக்சிஜன் வேண்டும் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல்.

ஆரம்பத்தில் இந்தக் குப்பிகளைப் பகலில்தான் நிரப்பினாராம். விடைகள் நன்றாகவே வந்தன. வழிகாட்டிப் பேராசிரியருக்கும் திருப்தி. அப்போதுதான் மாணவிக்குத் தெப்பம் தள்ளுகிற மீன்காரர் வாயைத் திறந்தார்.

அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். தெர்மாகோலைச் சாக்கில் பொதிந்து கட்டிய தெப்பத்தில் உட்கார்ந்து, வலை போட்டு ஜிலேபி கெண்டை பிடிப்பவர். மாணவி அவரை அண்ணா என்கிறார், அவர் மாணவியைப் பாப்பா என்கிறார். என்னிடம் சொன்னார்: "பாப்பா மத்தியானத்துல தண்ணி எடுத்துனு போவுது சார். அப்ப தண்ணி நல்லாத்தான் இருக்கும். மீனு சாவுறது விடியங்காலம். மூணு, நாலு மணிக்கு வந்து பாரு, வாயை மேல வெச்சினு தவிக்கும்."

பாடப்புத்தகத்தில் உள்ள சங்கதிதான் இது. பச்சை பிடித்த தண்ணீரில் பாசி பகலெல்லாம் வெயிலைக் குடித்து ஆக்சிஜனை விடும். பிற்பகலில் அளந்தால் ஏரி அமோகமாக இருப்பதாகத் தோன்றும். இரவில் அதே பாசியும் மூச்சு வாங்கும், அடியில் அழுகும் கழிவும் சேர்ந்து இழுக்கும். விடிவதற்குச் சற்று முன்னால் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போய்விடும். மாணவிக்கு இது தெரியாமல் இல்லை. கொரட்டூரில் அது நடக்கிறது, இன்ன மூலையில் நடக்கிறது, மழை நின்று வெயில் ஏறும் மாதங்களில் கடுமையாக நடக்கிறது என்பது அந்த மனிதருக்குத்தான் தெரிந்திருந்தது. ஆய்வுத் திட்டத்தையே மாற்றி எழுதினார் மாணவி. இப்போது பகலுக்கு ஒரு குப்பி என்றால் விடியலுக்கும் ஒன்று.

இருட்டில் தனியாக ஒரு பெண் ஏரிக்கரைக்கு வருவதெப்படி? மீன்காரரின் மனைவி டார்ச் லைட்டோடும் ஃபிளாஸ்க்கில் டீயோடும் கூட வருகிறார். ஒரு விடிகாலை நானும் போனேன். "நான் சும்மா ஒரு வார்த்தை சொல்லி வெச்சேன் சார், இது இப்ப எங்க ரெண்டு பேரையும் தூங்க விடமாட்டேங்குது" என்று அலுத்துக்கொண்டே மீன்காரர் தெப்பத்தைத் தள்ளினார். கால்வாய் விழும் மூலையில் எடுத்த குப்பியை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். வெள்ளை. ஏரியின் நடுவில் எடுத்தது வெளிறிய பழுப்பு. "பாத்தியா?" என்றார் அவர், மாணவியைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து.

காட்டுயிர்ப் படிப்புக்குத் தமிழ்நாட்டில் பழைய, நல்ல இடங்கள் உண்டு. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி, மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியின் காட்டுயிரியல் துறை, 1990இல் தொடங்கிய, ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மையம். படித்துவிட்டு வருமானம்? தேசிய அளவிலான தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். பெறாதவர்களே அதிகம், இந்த மாணவியும் அவர்களில் ஒருவர். டியூஷன் எடுத்துச் சம்பாதிப்பதிலிருந்து தெப்பக்காரருக்கு நாள் கூலி கொடுக்கிறார். எந்தக் கணக்கிலும் அந்தக் கூலி வராது.

கூலி கொடுத்ததோடு கடன் தீர்ந்ததா என்பதே என் கேள்வி. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வலசைப் பறவைகளுக்குக் காலில் வளையம் மாட்டியபோது, சேதமில்லாமல் பறவையைப் பிடித்துக் கொடுத்தது பிகாரின் மீர்ஷிகார் மரபில் வந்த அலி உசேனின் கை. 1978இல் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய், அங்குள்ள ஆய்வாளர்களால் தேடிப் பிடிக்க முடியாத மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் அவர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. விருது வந்த பிறகு கைதட்டுவது சுலபம். அதற்கு முன்பு, ஆய்வுக் கட்டுரைகளில் இப்படிப்பட்டவர்கள் 'உள்ளூர் உதவியாளர்' என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

மீன்காரர் பெயரைக் கட்டுரையாசிரியர் வரிசையில் சேர்க்கலாமா என்று மாணவி தன் துறையில் கேட்டிருக்கிறார். நன்றியுரையில் போட்டால் போதாதா என்று பதில் வந்ததாம். போதாது. எந்த நேரத்தில், எந்த மூலையில் அளக்க வேண்டும் என்று சொன்னவர் வெறும் தெப்பம் தள்ளியவர் அல்ல. ஆய்வின் வடிவத்தையே தீர்மானித்தவர். ஆய்வு வழிகாட்டிகளாக இருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: உங்கள் மாணவர்களின் அடுத்த கட்டுரை அச்சுக்குப் போகும் முன், களத்தில் வழி சொன்னவரின் பெயரை ஆசிரியர் வரிசையில் எழுதுங்கள். அந்த ஆய்வின் முடிவுகளைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி, அந்த ஏரிக்கரை மக்கள் கையிலும் கொடுங்கள்.