அட்டையில் வராத குசினி

கடலையும் விற்கலாம் என்று கண்டுகொண்ட ஊர்களில் ஒன்று பிறைற்றன். கடல்நீர் சுரப்பி நோய்களைத் தீர்க்கும் என்று 1750 இல் எழுதிய டொக்டர் றிச்சர்ட் ரசல், தன் நோயாளிகளை இந்த மீன்பிடி ஊருக்கு அழைத்தார். பிறகு இளவரசர் வந்தார். பின்னாளில் நான்காம் ஜோர்ஜ் மன்னரான அவருக்காக 1815 முதல் 1822 வரை ஜோன் நாஷ் கும்மட்டங்கள் வைத்துக் கட்டியெழுப்பிய றோயல் பவிலியன், இந்தியாவையே பார்க்காத ஒருவரின் இந்தியா. 1841 இல் லண்டனிலிருந்து ரயில் வந்ததும் சாதாரண சனங்களும் கடல் பார்க்க வந்தார்கள்.

வந்தவர்கள் தபாலட்டை அனுப்பினார்கள். 1894 இல் படத் தபாலட்டைக்கு அனுமதி கிடைத்தது. 1902 இல் பின்பக்கத்தைப் பிரித்து, முகவரிக்கு ஒரு பாதி, செய்திக்கு ஒரு பாதி என்றாக்கினார்கள். 1918 வரை அரை பென்னி முத்திரை போதும். 1975 இல் மூடப்பட்டு 2003 இல் எரிந்து, இன்று கடலுக்குள் இரும்பெலும்பாய் நிற்கும் மேற்குப் பாலம் அந்த அட்டைகளில் முழுசாய் நிற்கிறது.

பழங்கடைகளில் இவற்றைப் புரட்டும்போது றெஸ்ரோறன்ற் வேலைக்காரர்களான நாங்கள் தேடுவது வேறொன்றை. ஹோட்டல் முகப்புகள் எத்தனையோ உண்டு. அதற்குள் கோப்பை கழுவியவன் நாங்கள் பார்த்த எந்த அட்டையிலும் இல்லை.

எங்கள் நிறத்து முகங்கள் மட்டும் ஓரிடத்தில் உண்டு. 1914 டிசெம்பர் முதல் 1916 தொடக்கம் வரை பவிலியன், காயப்பட்ட இந்தியச் சிப்பாய்களின் ஆஸ்பத்திரியாக இருந்தது. சரவிளக்குகளுக்குக் கீழே வரிசையாய்க் கட்டில்கள், தலைப்பாகைகள். அதை அட்டையாக அச்சடித்து விற்றார்கள். சாதி, சமயம் பார்த்து ஒன்பது குசினிகள் அமைத்திருந்தார்கள். கடல் கடந்தும் சாதியை விடாத எங்களுக்கு இது வியப்பாயில்லை.

அட்டையில் வராததும் உண்டு. இதே ஊரில், பழைய ஏழைகள் விடுதியில் இயங்கிய கிச்சினர் ஆஸ்பத்திரியைச் சுற்றி முட்கம்பியும் காவலும் போட்டிருந்தார்கள். சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் வாசித்தார்கள். ஆகவே சிலர் மிளகைப் பற்றி எழுதினார்கள். கறுப்பு மிளகென்றால் இந்தியச் சிப்பாய், சிவப்பு மிளகென்றால் வெள்ளைச் சிப்பாய். இறந்த இந்துக்கள், சீக்கியர்கள் 53 பேரைப் புல்வெளிக் குன்றில் எரித்தார்கள். அந்த இடத்தில் 1921 இல் சத்ரி என்ற வெண்பளிங்கு மண்டபம் எழுந்தது. அதற்கும் தபாலட்டை வந்தது.

நாங்களும் ஊருக்குப் படம் அனுப்பியவர்கள்தான். இரவல் கோட்டுடன், கடலைப் பின்னால் வைத்து, யாருடையதோ காரில் சாய்ந்தபடி. எங்கள் கடிதத்துக்குத் தணிக்கை அதிகாரி தேவைப்படவில்லை. அம்மா கவலைப்படுவா என்ற நினைப்பே போதும். அந்தப் படங்களைப் பார்த்து அங்கே சீதனம் பேசினார்கள், கடன் கேட்டார்கள், தம்பிமாரை ஏஜென்சிக்காரனிடம் ஒப்படைத்தார்கள்.

அடுத்த முறை ஏப்ரனோடு குசினியில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பவேண்டும் என்று எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம். இன்னும் ஒருவரும் அனுப்பவில்லை.