வேண்டும் பெட்டியும் வேண்டாப் பெட்டியும்

பிரயாணம் என்பது மனிதர்களுக்காக ஏற்பட்டதா, பெட்டிகளுக்காக ஏற்பட்டதா என்ற சந்தேகம் எனக்கு வெகு நாளாக உண்டு. புதுக்கோட்டை ரயில் நிலையத்தில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். மனிதர்கள் எல்லாரும் பெட்டிகளைக் குறித்துக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்கள்; பெட்டிகளோ மனிதர்களைப் பற்றிச் சிறிதும் கவலையின்றிப் பிளாட்பாரத்தில் சுகமாக வீற்றிருக்கும். குழந்தையைக்கூட "போய் விளையாடு" என்று அனுப்பிவிடும் தாய், பெட்டியை விட்டு ஓர் அடி நகர மாட்டாள்.

இவ்வருஷம் எங்கள் அப்பத்தாவைக் கப்பலில் அழைத்துச் செல்வது என்று குடும்பத்தில் தீர்மானமாயிற்று. அப்பத்தாவுக்கு வயது 82. "காசிக்குப் போகிறீர்களா, திருப்பதிக்குப் போகிறீர்களா?" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் பார்த்தாச்சு. நாலு பக்கமும் தண்ணியா இருக்கிற எடத்திலே இன்னொரு தரம் நிக்கணும்" என்று பதில் வந்தது. சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல்கள் புறப்படுகின்றன அல்லவா? அப்படிப்பட்ட கப்பல் ஒன்றில் மூன்று இரவு யாத்திரைக்கு இடம் பிடித்தோம்.

ஆட்கள் ஐவர், பெட்டிகள் ஆறு. திருமயத்துக்கு அருகிலுள்ள எங்கள் கிராமத்திலிருந்து சென்னை சுமார் 400 கிலோமீட்டர். மூட்டை முடிச்சுகளோடு ரயில் ஏறி, இறங்கி, வண்டி பிடித்துத் துறைமுகம் சேர்வதற்குள் கப்பல் ஆசையே போய்விடும் என்று தோன்றியது. அப்போதுதான், வீட்டு வாசலுக்கே வந்து பெட்டிகளை வாங்கிக்கொண்டு, கப்பல் புறப்படும் ஊரில் நாம் சொல்லும் இடத்தில் சேர்ப்பிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டேன். இருபதாம் நூற்றாண்டில் இல்லாத அதிசயத்தைக் கண்டுபிடித்துவிட்டவன் போல் அதை அப்பத்தாவிடம் போய்ச் சொன்னேன்.

அப்பத்தா சிரித்தாள். "இதென்னடா தம்பி புதுசு? பெட்டியை முன்னாலே அனுப்பிட்டு ஆள் பின்னாலே போறதுதானே நம்ம ஊர் வழக்கம்" என்றாள்.

* * *

அவள் சொன்னது சத்தியம். ராங்கியம், ராயவரம், குழிபிறை, விராச்சிலை, கடியாபட்டி என்று வரிசையாக நிற்கும் எங்கள் பக்கத்து ஊர்களில், கடல் கண்ணுக்கு எட்டாது. எங்கே பார்த்தாலும் செம்மண்ணும் கண்மாயும் பாறையுந்தான். ஆனால் அந்த ஊர்களின் பெரிய வீடுகளுக்குள் நுழைந்தால் கடல் தெரியும்! முகப்பில் நிற்கும் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவை. கொல்லைப்புறத்து அலமாரியில் அடுக்கியிருக்கும் பீங்கான் பாத்திரங்களும், சுவரில் மாட்டியிருக்கும் நிலைக்கண்ணாடிகளும் பல சமுத்திரங்களைக் கடந்தவை. நகரத்தார் குடும்பங்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்திருந்த காலத்தில், திருமயத்தைவிடப் பினாங்கு எங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

புதுக்கோட்டைக்குச் சொந்தமாகவே கடற்கரையும் இப்போது உண்டு. 1974-ல் தனி ஜில்லாவாக அமைந்தபோது கோட்டைப்பட்டினம், மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், மீமிசல் முதலிய ஊர்களை உள்ளடக்கிய கரை அதன் எல்லைக்குள் வந்தது. ஆனால் பெரிய நீராவிக் கப்பல் ஏறுகிறவர்களுக்கு அன்று நாகப்பட்டினந்தான் வாசல். திருச்சியிலிருந்து நாகைக்கு 1862-லேயே ரயில் வந்துவிட்டது. புதுக்கோட்டைக்கோ 1929-லேதான் வந்தது. அதுவரையில் பெட்டிகள் முப்பது மைலுக்கு மேல் மாட்டு வண்டியில் குலுங்கித் திருச்சி சேர்ந்து, அப்புறமே ரயிலைக் கண்டன.

எங்கள் சமஸ்தானத்து மகாராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானும் பெரிய கடற்பிரயாணிதான். 1915-ல் ஆஸ்திரேலியாவில் மணம் புரிந்துகொண்டு, பிற்பாடு ஐரோப்பாவிலேயே வசித்து, 1928-ல் பாரிஸ் நகரில் காலமானார். ஆனால் ராஜாக்களின் பெட்டிகளைப் பற்றி நாம் விசாரப்பட வேண்டியதில்லை. அவற்றைக் கவனித்துக்கொள்ள ஆட்கள் உண்டு. சாதாரண ஜனங்களின் பெட்டிகளே கவனத்துக்குரியவை.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரையோரம் வந்து நிற்காது. தூரத்துக் கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். மனிதர்களும் பெட்டிகளும் படகில் ஏறி, அலையில் எழும்பித் தாழ்ந்து, கப்பலின் பக்கத்தை அடைய வேண்டும். ‘ரஜூலா’ என்ற கப்பலை நினைவு வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் நம் ஜில்லாவில் இருக்கிறார்கள். 1926-ல் கிளாஸ்கோ நகரில் கட்டப்பெற்று, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் போய் வந்த கப்பல் அது. புதிதாக வந்தபோது ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மேல்தளப் பிரயாணிகளை ஏற்றிச் செல்ல அதற்கு அநுமதி இருந்தது. ஐயாயிரம் ஆட்கள் என்றால் எத்தனை டிரங்குப் பெட்டிகள், எத்தனை படுக்கைகள், எத்தனை ஊறுகாய் ஜாடிகள் என்று வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இந்தச் சாமான் சமுத்திரத்தைச் சமாளிக்கக் கப்பல்காரர்கள் ஓர் எளிய உபாயம் வைத்திருந்தார்கள். பெட்டியின் மேல் ஒட்டுவதற்கு அச்சடித்த சீட்டுகள் கொடுப்பார்கள். ஒன்று, ‘அறைக்கு’. இரண்டாவது, ‘பிரயாணத்தில் வேண்டும்’. மூன்றாவது, ‘பிரயாணத்தில் வேண்டாம்’. மூன்றாவது சீட்டு ஒட்டிய பெட்டி கப்பலின் அடிவயிற்றுக்குள் போய்விடும். சேரும் துறைமுகத்தில்தான் அதன் முகத்தை மறுபடியும் பார்க்கலாம். அங்கே இறங்கிய பெட்டிகளைக் கிட்டங்கியிலிருந்து வந்த ஆட்கள் எண்ணிப் பார்த்து எடுத்துச் செல்வார்கள்.

* * *

இன்றைய ஏற்பாடும் சாராம்சத்தில் அதுவேதான். பெட்டியை நிறுத்து, அளந்து, அதன் மேல் கோடு கோடாக ஒரு சீட்டு ஒட்டி எடுத்துச் செல்கிறார்கள். பெட்டி எந்த ஊரில் இருக்கிறது என்பதை நாம் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஜப்பான் தேசத்தில் 1976-ல் யமாட்டோ கம்பெனியார் வீடு தேடி வந்து மூட்டை வாங்கும் முறையைத் தொடங்கினார்கள். இப்போது அங்கே பிரயாணிகள் பெட்டியை முன்னதாக அனுப்பிவிட்டுக் கைவீசி நடப்பது சர்வசாதாரணம். நம் ரயில்வேயிலும் பார்சல் ஆபீஸ் என்ற பழைய நண்பர் இருக்கவே இருக்கிறார். படுக்கை வகுப்பு டிக்கெட்டுக்கு 40 கிலோ வரையில் கட்டணமின்றி உடன் கொண்டு போகலாம். அதற்கு மேற்பட்டதைக் கட்டணம் செலுத்திப் பதிவு செய்ய வேண்டும்.

துறைமுகத்தில் கப்பல்காரர்களே பெட்டிகளை வாங்கிக்கொண்டு அறை எண் கட்டி, சோதனை முடித்து, அறை வாசலுக்குக் கொண்டு வந்து வைக்கிறார்கள். ஆனால் அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அதுவரையில் கையில் இருப்பதே நம்முடையது. இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் காய்ச்சும் மின்சாரக் கம்பி முதலியவற்றைக் கப்பல்களில் பொதுவாக அநுமதிப்பதில்லை. நடுக்கடலில் நெருப்பைப் போன்ற சத்துரு வேறில்லை அல்லவா?

புறப்பாட்டுக்கு ஐந்து நாள் முன்னால் பெட்டி கட்டும் வைபவம் வளவில் நடந்தேறியது. அப்பத்தா நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை செய்தாள். ஒவ்வொரு பெட்டியின் மேலும் வெள்ளைப் பெயிண்டில் எண் போடச் சொன்னாள். பிடியில் சிவப்பு நாடா கட்டச் சொன்னாள். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று இரண்டு பிரதிகளாகச் சிட்டை எழுதி, ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து, மற்றொன்றைத் தன் சுருக்குப் பையில் முடிந்துகொண்டாள்.

"அப்பத்தா, அவங்களே நம்பர் ஒட்டறாங்க. இதெல்லாம் எதுக்கு?" என்றேன்.

"அவுக நம்பர் அவுகளுக்கு. நம்ம நம்பர் நமக்கு" என்றாள்.

நான்காம் எண் நீலப் பெட்டியில் என் சட்டைகளும், குடும்பத்து மருந்துகள் அடங்கிய டப்பாவும் வைக்கப்பட்டன. அப்பத்தாவின் ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் அதில்தான். "மருந்தை வேண்டாப் பெட்டியிலே வைக்காதே" என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது, மூளையில் விழவில்லை.

அன்றிரவு திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அப்பத்தா ஒரு கதை சொன்னாள்.

1961-ம் வருஷம் அவள் 18 வயதுப் பெண்ணாகப் பினாங்குக்குக் கப்பல் ஏறினாள். நாகப்பட்டினத்துக் கரையில் நின்று பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டியவர் அவளுடைய சொந்தச் சிற்றப்பா. அவசரத்தில் ஒரு பெட்டியின் மேல் பினாங்கு என்பதற்குப் பதிலாகச் சிங்கப்பூர் என்று எழுதி, ‘வேண்டாம்’ சீட்டையும் ஒட்டிவிட்டார். அந்தப் பெட்டி சிங்கப்பூர் போய், யாருடையது என்று தெரியாமல் கிடங்கில் கிடந்து, கைமாறிக் கைமாறிப் பதினோரு மாதம் கழித்துப் பினாங்கு வந்து சேர்ந்தது.

திறந்து பார்த்தால், புடைவை மடிப்புக்குள் அவளுடைய ஆத்தா எழுதி வைத்த ஒரு கடிதம். அதில் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஊறுகாய் ஜாடியை மாதம் ஒரு தரம் வெயிலில் வை. தலை குளித்தால் ஈரம் போகத் துவட்டு. இதைக் கண்டதும் உடனே பதில் எழுது. அவ்வளவுதான்.

"ஆத்தா போயி அப்ப நாலு மாசம் ஆயிருந்துச்சு" என்றாள் அப்பத்தா. "நான் ஏன் அதைப் பத்தி ஒண்ணுமே எழுதலைன்னு கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாகளாம்."

அதற்குமேல் அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை.

* * *

குறித்த நாளில் நாங்கள் சென்னை சேர்ந்தோம். ஐந்து பெட்டிகள் எங்களுக்கு முன்பே தங்கும் விடுதியில் வந்து காத்திருந்தன. நான்காம் எண் பெட்டியைக் காணோம்! கைபேசியைப் பார்த்தால், ‘சேர்ப்பிக்கப்பட்டது’ என்று கூசாமல் சொல்லிற்று. கப்பல் மறுநாள் மாலையில் புறப்படும். சம்பந்தப்பட்டவர்களுக்குப் பேசினேன். "நீலப் பெட்டி இங்கே பதினேழு இருக்கு சார்" என்றது ஒரு குரல். என் கண் முன்னால் மருந்து டப்பா நின்று கூத்தாடியது. 82 வயதுக் கிழவியை மாத்திரை இல்லாமல் நடுக்கடலுக்கு அழைத்துப் போக முடியுமா? "யாத்திரையை நிறுத்திவிடுவோம்" என்றேன்.

அப்பத்தா சுருக்குப் பையைத் திறந்தாள். சிட்டையை எடுத்து என்னிடம் நீட்டி, "நாலாம் நம்பர், வெள்ளைப் பெயிண்ட், பிடியிலே சிவப்பு நாடா. இதைச் சொல்லு" என்றாள். சொன்னேன். இரண்டே நிமிஷத்தில் பெட்டி அகப்பட்டது. ஆனால் அகப்பட்ட இடம் திருச்சிக் கிடங்கு! அது சென்னைக்கு வருவதற்குள் கப்பல் போய்விடும்.

அப்பத்தா அதற்கும் கலங்கவில்லை. தான் மடியை விட்டு இறக்காத மஞ்சள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். எட்டு நாளைக்கான மாத்திரைகள்! நான் தூங்கிய பிறகு நீலப் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டாளாம். மூக்குக் கண்ணாடி, ஆதார் அட்டை, ஒரு மாற்றுப் புடைவை, துண்டு எல்லாம் அந்தப் பையில் இருந்தன.

"ஒன் சட்டையை எடுக்கத் தோணலைடா தம்பி" என்று மட்டும் வருத்தப்பட்டாள்.

அதன் பலனாக, அந்த உல்லாசக் கப்பலில் மூன்று நாளும் இரண்டே சட்டையோடு உலாவிய ஒரே கனவான் என்ற பெருமை எனக்குக் கிட்டிற்று. அதனால் என்ன? இரண்டாம் நாள் அதிகாலையில் மேல்தளத்துக்கு அப்பத்தாவைக் கைபிடித்து அழைத்துப் போனேன். நாலு பக்கமும் தண்ணீர். சூரியன் எழும்பிக்கொண்டிருந்தான். கம்பியைப் பிடித்தபடி கிழக்கே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பினாங்கு அந்தத் திசையில்தான் இருக்கிறது. அப்புறம் மஞ்சள் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு பழுப்புக் காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டாள். அது என்ன காகிதம் என்று நான் கேட்கவில்லை.

ஊர் திரும்பியபோது நீலப் பெட்டி எங்களை முந்திக்கொண்டு வளவில் வந்து வீற்றிருந்தது. கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். சிட்டையும் அவர்கள் கொடுத்த ரசீதும் கையில் இருந்ததால் வாதாடுவது சுலபமாயிற்று.

பெட்டியை முன்னால் அனுப்புவது தப்பே இல்லை. முதியவர்களோடு போகிறவர்களுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் கப்பல் புறப்படுவதற்கு முதல் நாளைக் கணக்கு வைக்காமல், மூன்று நான்கு நாள் முன்பே போய்ச் சேரும்படி அனுப்புங்கள். உங்கள் அடையாளத்தை நீங்களே போடுங்கள். சிட்டை இரண்டு எழுதுங்கள். மருந்து, கண்ணாடி, அத்தாட்சிக் காகிதங்கள், ஒரு மாற்றுத் துணி, தொலைந்தால் மறுபடி வாங்க முடியாத பொருள் ஆகிய ஐந்தையும் எக்காரணத்தைக் கொண்டும் பிறர் கையில் கொடுக்காதீர்கள்.

இவ்வளவையும் அப்பத்தா இரண்டே வார்த்தையில் சொல்லிவிடுகிறாள்: வேண்டும், வேண்டாம். எந்தப் பெட்டியில் எந்தச் சீட்டை ஒட்டுவது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் அவளுக்கு அறுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.