கோர்வைத் தறியும் சாவித்துவார சர்ஜரியும்

"வயித்தைத் திறக்காம வயித்துப் புற்றுநோயை எப்படிம்மா எடுப்பாங்க?"

அப்பாவுக்கு இரைப்பையில் கட்டி என்று தெரிந்த வாரம் முழுக்க, பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த எல்லோரும் கேட்டது இதைத்தான். அண்ணா பிறந்த ஊர் எங்களுடையது. 1969-ல் அவரைக் கொண்டுபோனதும் புற்றுநோய்தான். காரப்பேட்டையில் அவர் பெயரில் புற்றுநோய் மருத்துவமனையே இருக்கிறது. பழகிய பெயர்தான். ஆனாலும் நம் வீட்டுக்குள் அது வரும்போது கை கால் ஓடுவதில்லை.

நல்லவேளையாக ஆரம்ப நிலை. சென்னையில் ஒரு மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பி செய்யலாம் என்றார்கள். அப்பாவின் பயமெல்லாம் தறியைப் பற்றித்தான். குழித்தறியில் நாள் முழுக்க உட்கார்ந்து மிதிக்க வேண்டும். வயிற்றில் நீளமாகக் கிழித்துவிட்டால் அது முடியுமா? அதே சமயம் இன்னொரு சந்தேகமும் இருந்தது.

"சின்ன ஓட்டை வழியா பண்ணா, மிச்சம் மீதி உள்ளயே நின்னுடாதா சார்?"

சர்ஜன் சிரிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னார். 1881-ல் வியன்னாவில் பில்ராத் என்பவர்தான் இரைப்பைப் புற்றுநோய்க் கட்டியை முதன்முதலில் வெற்றிகரமாக வெட்டியெடுத்தார். நூறு ஆண்டுகளுக்கும் மேல் வயிற்றைத் திறந்துதான் இந்த அறுவை சிகிச்சை நடந்தது. 1991-ல் ஜப்பானில் கிட்டானோ குழுவினர் லேப்ராஸ்கோப்பியில் செய்தார்கள். பிறகு கொரியாவில் ஆரம்ப நிலை நோயாளிகள் 1,416 பேரை இரண்டு பிரிவாக்கி ஒப்பிட்டார்கள். 5 ஆண்டு கழித்து இரண்டு பிரிவிலும் 100-க்கு 93 பேருக்கு மேல் உயிரோடு இருந்தார்கள். 2019-ல் வந்த முடிவு இது. "உள்ளே எடுப்பது அதே அளவுதான். கட்டியோடு சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுப்போம். போகும் வழிதான் வேறு" என்றார்.

அப்பா விடவில்லை. "இதை எப்படி சார் கத்துக்கிட்டீங்க?"

முதலில் துளை போட்ட ஒரு பெட்டி. உள்ளே கேமரா. டி.வி.யைப் பார்த்தபடி தையல் பழக வேண்டும். கை இடப்பக்கம் போனால் உள்ளே கருவியின் முனை வலப்பக்கம் போகும். அது பிடிபடவே மாதக்கணக்காகும். அப்புறம் சீனியர் ஆபரேஷன் செய்யும்போது கேமரா பிடிக்க வேண்டும். பிறகு பித்தப்பை. அதெல்லாம் கை வந்த பிறகுதான் இரைப்பை. அதுவும் சீனியர் பக்கத்தில் நிற்க, பகுதி பகுதியாக. "இன்னைக்கும் நான் செஞ்ச ஆபரேஷன் வீடியோவை ராத்திரி போட்டுப் பார்ப்பேன். எங்கே கை தயங்குச்சுன்னு தெரியும்" என்றார்.

அப்பா முகத்தில் அன்றுதான் தெளிவு வந்தது. "எங்க கோர்வையும் இதே கதைதான் சார். பக்கத்துல உட்கார்ந்து கரைக்கு நாடா போடுற பையன்தான் பின்னாடி தறிக்காரன் ஆவான்" என்றபடி கையெழுத்துப் போட்டார்.

ஐந்து சிறு துளைகள். அதில் ஒன்றை மட்டும் கட்டியை வெளியே எடுக்க இரண்டு அங்குலம் பெரிதாக்கினார்கள். மறுநாளே நடக்க வைத்தார்கள். இப்போது கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு ஆறு வேளை சாப்பிடுகிறார். டாக்டர் அனுமதித்த பிறகு, அரை நாள் தறியில் உட்காருகிறார்.

எல்லோருக்கும் இந்த முறை பொருந்தாது. சிலருக்கு வயிற்றைத் திறப்பதே நல்லது. "இந்த ஆபரேஷன் எத்தனை செய்திருக்கிறீர்கள்?" என்று சர்ஜனிடம் கேட்பதில் தவறே இல்லை. அதைவிட முக்கியம், சீக்கிரம் கண்டுபிடிப்பது. வாரக்கணக்கில் பசியில்லை, எடை குறைகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்றால், கடையில் கேஸ் மாத்திரையை மாற்றி மாற்றி வாங்காதீர்கள். டாக்டரைப் பார்த்து, எண்டோஸ்கோப்பி தேவையா என்று கேளுங்கள்.