சட்டி வரிசையாக இருக்கிற கடை

அக்கா மகன் பாங்காக்கில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் போன மாதம் ஊர் திரும்பினான். வந்த மூன்றாம் நாளே நாக்கு தேட ஆரம்பித்துவிட்டது.

"மாமா, பாண்டியில தாய் சாப்பாடு எங்க கிடைக்கும்? பெரிய ஓட்டல்ல வெள்ளைத் தட்டுல பூ செதுக்கி வைக்கிறது வேணாம். ஆபீஸ் பக்கத்துல தெருவோரக் கடையில தினமும் சாப்பிட்டேனே, அந்த மாதிரி வேணும்."

அது என்ன கடை என்று கேட்டேன். 'கௌ கேங்' கடை என்றான். கௌ என்றால் சோறு, கேங் என்றால் குழம்பு. பத்துப் பன்னிரண்டு சட்டிகளில் குழம்பும் பொரியலும் வரிசையாக இருக்குமாம். விரலை நீட்டிக் காட்டினால் சோற்றின் மேல் ஊற்றித் தருவார்கள். காலையில் சந்தையில் என்ன வாங்கினார்களோ அதுதான் அன்றைய சமையல். மதியம் சாய்ந்தால் சட்டி காலி.

"வண்டிய எடுடா, நோணாங்குப்பம் போவோம்" என்றேன்.

முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் தாண்டிக் கடலூர் சாலையில் தெற்கே போனால் நோணாங்குப்பம். நகரத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் இருக்கும். செஞ்சியாறு, அதாவது சங்கராபரணி, கடலுக்குப் போகும் முன் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை அரியாங்குப்பத்து ஆறு, இன்னொன்று சுண்ணாம்பாறு. சுண்ணாம்பாற்றங்கரையில்தான் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அங்கே நல்ல கூட்டம். பாரடைஸ் பீச்சுக்குப் படகு ஏறி, மணலில் கால் நனைத்து, சிப்ஸ் பாக்கெட்டோடு திரும்பி வந்து, பசியோடு நகரத்துக்கே ஓடிவிடுகிறார்கள். கூப்பிடு தூரத்தில் இருக்கிற சோற்றை விட்டுவிட்டு ஓடுகிறார்களே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு கேட்பதில்லை.

நான் அழைத்துப் போன கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கூரை, நாலு பெஞ்சு, வாசலில் தண்ணீர்க் குடம். உள்ளே நீளப் பலகையின் மேல் ஐந்து சட்டிகள். அவன் வாசலிலேயே நின்று அந்த வரிசையைப் பார்த்தான். அவன் முகம் மாறியதைப் பார்த்து, வந்தது வீண்போகவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

"வாங்கண்ணே. தம்பி யாரு, மருமகனா?"

"அக்கா பையன். இன்னிக்கு என்னம்மா மீனு?"

"ஆத்துல இன்னிக்கு மடவதான் வுழுந்துச்சு. கொடுவா ஒண்ணே ஒண்ணு, அதுல நாலு துண்டு இருக்கு. எறா தொக்கு இருக்கு. வஞ்சரம் இல்ல, கேக்காதீங்க."

அவன் சட்டென்று திரும்பி, "கொடுவாவா? அங்க இதத்தான் எலுமிச்சை, பூண்டு, மிளகாய் போட்டு ஆவியில வேகவெச்சு முழு மீனா கொண்டுவருவாங்க, மாமா. பிளா கப்போங்" என்றான். உண்மைதான். ஆற்றுத் தண்ணீரில் வளர்ந்து, குஞ்சு பொரிக்க முகத்துவாரத்துக்கு இறங்கும் மீன் கொடுவா. வங்கக்கடலின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் கழிமுகத்துக்காரர்களுக்கு அதுதான் மதிப்பான மீன்.

இலை போட்டு, சோறு வைத்து, நடுவில் குழி பண்ணி மடவைக் குழம்பை ஊற்றினார் அந்த அம்மா. தேங்காய்ப்பால் இல்லாத, புளி தூக்கலான குழம்பு. மேலே வடவம் தாளித்த வாசனை. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், விளக்கெண்ணெய் எல்லாம் சேர்த்து இடித்து, உருண்டை பிடித்து, சித்திரை வெயிலில் காயவைத்துப் பானையில் கட்டி வைப்பது. பிரெஞ்சுக்காரர்கள் இதைக் கொண்டுபோய் 'வதுவான்' என்று பெயர் சொல்லி இன்றும் பாரிசில் விற்கிறார்கள். இங்கே ஒரு கரண்டி எண்ணெயில் ஒரு சிட்டிகை போட்டால் தெருமுனை வரை மணக்கிறது.

அவன் இரண்டு கவளம் சாப்பிட்டான். "இது கேங் சோம் மாமா" என்றான். சோம் என்றால் புளிப்பு. தெற்குத் தாய்லாந்தில் மஞ்சளும் புளியும் மிளகாயும் சேர்த்து, தேங்காய்ப்பால் விடாமல் மீனில் வைக்கிற குழம்பு அது. அங்கே வடவம் கிடையாது, நாம் கபி என்கிற கூனி விழுது சேர்ப்பதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான் என்றான். பேரரத்தையை நாம் இருமலுக்கு நாட்டுமருந்துக் கடையில் தேடுகிறோம், அவர்கள் அதை சூப்பிலேயே அரிந்து போடுகிறார்கள். அதையும் அவனே சொன்னான்.

கடைசியாக ஒரு சின்னக் கிண்ணத்தில் துவையல் வந்தது. சென்னாக்கூனி. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக் கூனி இறாலைக் காயவைத்து, வறுத்து, மிளகாயும் பூண்டும் வைத்து அரைத்தது. விலை கிடையாது, சோற்றோடு சேர்த்தி. அதை நாக்கில் வைத்தவன் ஒன்றும் பேசவில்லை. தாய்லாந்தின் கபி இதே இனக் கூனியை உப்பில் புளிக்கவைத்து அரைத்த விழுது. அதை மிளகாயோடு இடித்தால் நம்ப்ரிக் கபி, அந்த ஊர் ஏழை வீட்டுச் சோற்றுக்கு அன்றாடத் துணை. "இதத்தான் தேடிட்டு இருந்தேன்" என்று மெதுவாகச் சொன்னான். கிண்ணம் இரண்டாவது முறையும் நிரம்பியது.

இந்த ஒற்றுமை தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. வருகிற வழியில் அரியாங்குப்பத்தில் இடது பக்கம் திரும்பினால் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய அந்தத் துறையில் கிடைத்த ரூலட் பானை ஓட்டு வகை, தாய்லாந்தின் கீழ்க்கரையில் கௌ சாம் கியோவிலும் மேல்கரையில் பூ கௌ தோங்கிலும் கிடைத்திருக்கிறது. கிராபி பக்கம் குளோங் தோமில் கிடைத்த பொன் உரைகல்லில் 'பெரும்பதன் கல்' என்று தமிழ் பிராமியில் வெட்டியிருக்கிறது. இந்த ஆற்று வாயிலிருந்து போனவர்கள் அங்கே யார் வீட்டு அடுப்பில் என்ன சாப்பிட்டார்கள் என்பதற்குக் கல்வெட்டு கிடையாது. ஆனால் ஒரே மீனும் ஒரே கூனியும் சோறும் இரண்டு கரையிலும் இருந்தன.

இவ்வளவு மலிவாகக் கொடுத்தால் எப்படிக் கட்டுப்படியாகிறது என்று கடைக்கார அம்மாவிடம் கேட்டேன். வலைக்காரர் விடியற்காலையில் நேராக வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார். ஐஸ் இல்லை, வண்டி வாடகை இல்லை, நடுவில் தரகர் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் நகரத்தில் மீன் விலை ஏறும்போதும் இந்தச் சட்டிகள் காய்வதில்லை, ஆறு இருக்கிறது. "ஆறு நல்லா இருந்தா நாங்க நல்லா இருப்போம்ணே" என்றார். கரையோரக் கண்டல் மரங்களுக்கு நடுவே பிளாஸ்டிக் தட்டு மிதப்பதைப் பார்த்துவிட்டு வந்திருந்த எனக்கு, அந்தப் பேச்சு சாப்பாட்டை விடக் கனமாக இறங்கியது.

இரண்டு சாப்பாடு 200, வறுத்த கொடுவா ஒரு துண்டு 80, எறா தொக்கு 60. ஆக 340 ரூபாய். கை கழுவ வெளியே வந்தபோது அடுத்த பெஞ்சில் படகோட்டிகள் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். கொடுவாத் துண்டு மீதி மூன்றும் அவர்களுக்குப் போனது.

படகு ஏற வருகிறவர்கள் ஏறுவதற்கு முன்பே இந்தப் பக்கம் வந்து சாப்பிட்டுவிடுங்கள். வஞ்சரம் கேட்காதீர்கள், இன்றைக்கு என்ன மீன் என்று கேளுங்கள். ஒன்றரை மணிக்கு மேல் சட்டியில் ஒன்றும் இருக்காது.